இயேசு வேண்டாம்னு சொல்லலை, மாத்திரையைப் பிடுங்காதீங்க

டிஸ்கி: இது மதமாற்றப் பதிவும் இல்லை, மத எதிர்ப்புப் பதிவும் இல்லை. ரெண்டு தரப்பும் திட்டறதுக்கு வசதியா நடுவுல நின்னு எழுதியது. கல்லெறிய விரும்பறவங்க வரிசையில வரவும்.

குடியிலிருந்தும் போதை மருந்திலிருந்தும் மீள்வது பற்றிப் பேச்சு வந்தால் நம்ம ஆளுங்க உடனே ரெண்டு கட்சியாப் பிரிஞ்சுடறாங்க. ஒரு கட்சி, "சர்ச் நடத்தற மறுவாழ்வு மையம்னாலே மூளைச்சலவை, பன்னிரண்டு படி என்பதும் மறைமுகக் கிறித்தவம்தான்" என்கிறது. இன்னொரு கட்சி, "டாக்டரால முடியாததை ஏசப்பா ஒரே ராத்திரியில முடிச்சார்" என்று சாட்சிகளை அடுக்குகிறது. ரெண்டு பேருக்குமே ஒரு ஒற்றுமை உண்டு. போதையில் கிடக்கும் மனுஷன் அடுத்த வருஷம் உயிரோடு இருப்பானா என்ற கேள்வி அவங்க சண்டையில எங்கேயுமே வராது.

எனக்கு அந்தக் கேள்வி மட்டும்தான் முக்கியம். கடவுள் உண்டா இல்லையா என்பதை வேறு யாராவது நாற்பது பாகத் தொடரா எழுதிக்கட்டும்.

முதல்ல பகுத்தறிவுக் கட்சிக்கு. பன்னிரண்டு படிகளின் வேர் கிறித்தவம்தான் என்று ஏதோ ரகசியத்தைக் கண்டுபிடித்த மாதிரி எழுதுகிறீர்களே, அது ரகசியமே இல்லை சாமி. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (இனி ஏஏ) ஆரம்பித்தவர்களே அதை மறைத்ததில்லை. பில் வில்சன் நியூயார்க்கில் பங்குச்சந்தை ஆள், மொடாக்குடியர். 1934 நவம்பரில் எபி தாச்சர் என்ற பழைய குடித்தோழர் வீட்டுக்கு வந்து, ஊற்றிக் கொடுத்ததை வேண்டாம் என்கிறார். என்னப்பா ஆச்சு என்று கேட்டால் ஆக்ஸ்ஃபோர்டு குரூப்பில் சேர்ந்துவிட்டதாகச் சொல்கிறார். அது ஃபிராங்க் புக்மன் என்ற அமெரிக்க லூத்தரன் போதகர் தொடங்கிய இயக்கம். பாவத்தை வாய்விட்டு ஒப்புக்கொள்வது, பாதிக்கப்பட்டவர்களிடம் போய்ச் சரிசெய்வது, தினமும் அமைதியாக உட்கார்ந்து கடவுள் வழிகாட்டலுக்குக் காத்திருப்பது என்று போகும் அவர்கள் வழி. பன்னிரண்டு படிகளைப் படித்தவர்களுக்கு இது எங்கேயோ கேட்ட மாதிரி இருக்குமே, அதேதான்.

அடுத்த மாதம் டவுன்ஸ் ஆஸ்பத்திரியில் சேர்ந்த பில், அறை முழுக்க வெளிச்சம் வந்ததாகச் சொன்னார். (அப்போது அங்கே பெல்லடோனா கலந்த மருந்து கொடுப்பது வழக்கம். வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று அவரவர் வசதிப்படி முடிவு பண்ணிக்குங்க.) எது எப்படியோ, மனுஷன் அதற்கப்புறம் குடிக்கவில்லை. 1935 மே மாதம் ஒஹையோ மாநிலத்து ஆக்ரனுக்கு ஒரு கம்பெனி விவகாரமாகப் போனார், காரியம் ஊத்திக்கொண்டது. மேஃப்ளவர் ஹோட்டல் முகப்பில் நிற்கிறார். ஒரு பக்கம் பார், இன்னொரு பக்கம் சர்ச் போன் நம்பர் பட்டியல். பாருக்குப் போகாமல் வால்டர் டங்க்ஸ் என்ற எபிஸ்கோபல் பாதிரியாரைக் கூப்பிட்டார். அந்தத் தொடர்பு வழியாக ஹென்ரியெட்டா சைபர்லிங் என்ற ஆக்ஸ்ஃபோர்டு குரூப் பெண்மணியின் வீட்டில் டாக்டர் பாப் ஸ்மித் என்ற இன்னொரு குடிகாரரைச் சந்தித்தார். பதினைந்து நிமிஷம்தான் என்று கறாராகச் சொல்லிவிட்டு வந்த டாக்டர் பல மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். அவர் கடைசியாகக் குடித்த நாளான 1935 ஜூன் 10-ஐத்தான் ஏஏ தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது.

ஆக, போன் பட்டியலிலிருந்து வீடு வரைக்கும் எல்லாமே சர்ச் வழிதான். இதை மறுத்து யாரும் ஜல்லியடிக்க முடியாது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1938 கடைசியில் புத்தகம் எழுத உட்கார்ந்தபோது நடந்த சண்டை நம்ம ஊர்ப் பட்டிமன்றத்துக்குக் கொஞ்சமும் சளைத்ததில்லை. ஃபிட்ஸ் மேயோ என்ற போதகர் மகன், புத்தகம் வெளிப்படையான கிறித்தவப் புத்தகமாக இருக்கணும் என்றார். ஹேங்க் பார்க்ஹர்ஸ்ட், ஜிம் பர்வெல் என்ற ரெண்டு பேர் எதிர்க்கட்சி. அதிலும் ஜிம் பச்சை நாத்திகர். கடவுளைத் தூக்கிட்டு மனோதத்துவம் எழுது என்று நச்சரித்தார்கள். பில் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தார். கடைசியில் கிடைத்த சமரசம்தான் "நாங்கள் புரிந்துகொண்ட விதத்திலான கடவுள்" என்ற சொற்சேர்க்கையும், இரண்டாம் படியில் வரும் "நம்மைவிடப் பெரிய சக்தி"யும். 1939-ல் புத்தகம் வந்தது. ஆக்ஸ்ஃபோர்டு குரூப்பை விட்டு நியூயார்க் ஆட்கள் 1937-லேயே விலகிவிட்டார்கள், ஆக்ரன் ஆட்கள் 1939-ல். நல்லவேளை விலகினார்கள். புக்மன் 1936-ல் ஹிட்லரைப் பற்றி நல்லவிதமாகப் பேசி ஒரு பேட்டி கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்தால் ஏஏ எப்போதோ காணாமல் போயிருக்கும் என்பது என் எண்ணம்.

நான் சொல்ல வருவது, ஏஏ சர்ச்சிலிருந்து எடுத்துக்கொண்டது எவ்வளவு முக்கியமோ, விட்டுவிட்டு வந்தது அதைவிட முக்கியம். தலைவர் கிடையாது. கோட்பாட்டுப் பரீட்சை கிடையாது. குடியை நிறுத்தணும் என்ற ஆசை ஒன்றுதான் சேருவதற்குத் தகுதி. வெளியார் பணம் வாங்குவதில்லை, வெளி விவகாரத்தில் கருத்து சொல்வதில்லை. இதெல்லாம் 1950-ல் கிளீவ்லாண்ட் மாநாட்டில் பன்னிரண்டு மரபுகள் என்று ஏற்றுக்கொள்ளப்பட்டது. நாத்திகர் ஜிம் அன்றைக்கு அடம்பிடிக்காமல் இருந்தால் ஏஏ இன்றைக்கு ஒஹையோவில் ஒரு சின்ன ஜெபக்குழுவாகத்தான் இருந்திருக்கும்.

இப்போ அந்தப் பக்கம் வருவோம்.

1991-ல் கலிஃபோர்னியாவின் சேடில்பேக் சர்ச்சில் ஜான் பேக்கர் என்பவர் பாஸ்டர் ரிக் வாரனுக்கு 13 பக்கக் கடிதம் எழுதினார். குடியிலிருந்து மீண்டவர் அவர். மீட்சிக் கூட்டத்தில் இயேசு பெயரைத் தயங்காமல் சொல்ல ஒரு இடம் வேண்டும் என்பது அவர் ஆசை. அப்படிப் பிறந்ததுதான் செலிபரேட் ரிகவரி. இன்று ஆயிரக்கணக்கான சபைகளில் நடக்கிறது. ஏஏயின் பன்னிரண்டு படிகளையே எடுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு வேத வசனம் கோர்த்தார்கள். மலைப்பிரசங்கத்துப் பாக்கியவான்கள் பகுதியிலிருந்து எட்டுக் கொள்கைகள் சேர்த்தார்கள். மூன்றாம் படியில் "நாங்கள் புரிந்துகொண்ட விதத்திலான" என்பதைக் கத்தரித்து வெறும் "கடவுள்" ஆக்கினார்கள். ஜிம் பர்வெல் சண்டை போட்டு வாங்கினது அம்பத்தி சொச்ச வருஷம் கழிச்சு கையைவிட்டுப் போச்சு.

இதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. நிஜமாத்தான் சொல்றேன். ஏஏ கூட்டத்தில் ஒருவர் எழுந்தால் "நான் ஒரு குடிகாரன்" என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வார். செலிபரேட் ரிகவரியில் "நான் இயேசுவை நன்றியோடு விசுவாசிப்பவன், குடியோடு போராடுகிறவன்" என்ற ரீதியில் சொல்வார்கள். நோய் என் பெயர் இல்லை, அது நான் போராடும் விஷயம் மட்டும்தான் என்பது வாதம். யோசித்துப் பாருங்க, மோசமான யோசனை இல்லை. இருபது வருஷம் குடிக்காதவர் இன்னமும் தன்னைக் குடிகாரன் என்று சொல்லிக்கொள்வது பலருக்கு உறுத்துகிறது. சிலருக்கு அதுவே காவல். அவரவருக்கு எது பொருந்துதோ அது. செவ்வாய்க்கிழமை ஏஏ, வெள்ளிக்கிழமை சபை என்று ரெண்டுக்கும் போகிறவர்கள் உண்டு, ரெண்டு இடத்திலும் நாற்காலி போட்டுத்தான் கொடுக்கிறார்கள்.

ஏஏயின் "பெரிய சக்தி" விக்கிரக ஆராதனை, கதவுக் கைப்பிடியைக்கூடக் கும்பிடச் சொல்வார்கள் என்று பயமுறுத்தும் பாஸ்டர்களுக்கு மட்டும் ஒன்று. எட் டவ்லிங் என்ற ஏசு சபைக் குரு 1940-ல் பில்லைத் தேடிப் போனதே, இந்தப் படிகளுக்கும் புனித இக்னேஷியஸின் ஆன்மிகப் பயிற்சிகளுக்கும் உள்ள ஒற்றுமையைப் பார்த்து அசந்துதான். பில்லுக்குக் கடைசி வரை நண்பராக இருந்தார். ஒரு கத்தோலிக்கக் குருவுக்கு இடிக்காதது உங்களுக்கு இடிக்கிறது என்றால், பிரச்சினை படியில் இல்லை.

ஏஏ வேலை செய்யுதா இல்லையா என்ற கேள்விக்கு இப்போது ஓரளவு நல்ல பதில் இருக்கிறது. 2006-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு உறுதியான ஆதாரம் இல்லை என்று கையை விரித்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஏஏவைக் கிழித்தவர்கள் ஏராளம். 2020-ல் கெல்லி, ஹம்ஃப்ரீஸ், ஃபெரி மூவரும் புதிதாகச் செய்தார்கள். 27 ஆய்வுகள், 10,565 பேர். ஏஏவுக்கு முறையாகக் கூட்டிப்போகும் சிகிச்சை பெற்றவர்களில் ஒரு வருஷத்துக்குப் பின் முற்றிலும் குடிக்காமல் இருந்தவர்கள் சுமார் 42 சதவீதம். மற்ற சிகிச்சைகளில் 35. அற்புதம் இல்லை, ஆனால் காசில்லாமல் கிடைக்கும் ஒரு விஷயத்துக்கு இது பெரிய வித்தியாசம். இது குடிக்கு மட்டும், ஹெராயினுக்கு இல்லை என்பதைக் கோடு போட்டு வச்சுக்குங்க, பின்னாடி வேலை இருக்கு. எப்படி வேலை செய்கிறது என்று துருவிப் பார்த்தவர்கள் கண்டது, பழகும் வட்டம் மாறுவதுதான் பெரும்பங்கு என்று. குடிக்கிற நாலு சிநேகிதன் போய்க் குடிக்காத நாலு சிநேகிதன் வருவது. சபையில் இது ஏஏவைவிட அதிகமாகவே கிடைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு, வேலைக்குச் சிபாரிசு, ராத்திரி ரெண்டு மணிக்குக் கூப்பிட ஒரு நம்பர், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆன்ட்டி. இதையெல்லாம் மூளைச்சலவை என்று எழுதும் நண்பர்களே, இன்ஷூரன்ஸ் இல்லாத, வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட ஒருத்தனுக்கு உங்கள் பகுத்தறிவு இயக்கம் இதுவரை எத்தனை கட்டில் போட்டுக் கொடுத்திருக்கிறது? (மதம் சாராத ஸ்மார்ட் ரிகவரி 1994-லிருந்து இருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் தங்க இடமும் சோறும் அவர்கள் தருவதில்லை.)

இதுவரைக்கும் சபைக்காரர்கள் சந்தோஷமாகப் படித்திருப்பீர்கள். இனிமேல்தான் இருக்கு.

1958-ல் டேவிட் வில்கர்சன் என்ற பெந்தெகொஸ்தே போதகர் நியூயார்க் தெருப்பையன்களைத் தேடிப் போனார். அதிலிருந்து வளர்ந்தது டீன் சேலஞ்ச். வருஷக்கணக்கில் தங்கி, வேலை செய்து, வேதம் படித்து மீளும் மையங்கள். பெயரில்தான் டீன், பெரியவர்கள்தான் அதிகம். இவர்கள் வெற்றி விகிதம் 86 சதவீதம் என்று ஒரு எண் பல வருஷங்களாகச் சுற்றிக்கொண்டிருந்தது. 1975-ல் பென்சில்வேனியா மையத்தைப் பற்றி வந்த ஆய்விலிருந்து எடுத்த எண். அது யாருடைய 86 தெரியுமா? முழுப் பயிற்சியையும் முடித்துச் சான்றிதழ் வாங்கியவர்களுடையது. பாதியில் ஓடியவர்கள், துரத்தப்பட்டவர்கள் கணக்கிலேயே இல்லை. எங்க ஆபீஸ்ல ஃபெயில் ஆன டெஸ்ட் கேஸையெல்லாம் டெலீட் பண்ணிட்டு "எல்லாம் பாஸ்" என்று ரிப்போர்ட் அனுப்பினா மேனேஜர் செருப்பைக் கழட்டுவார். சாட்சிக் கூட்டத்தில் கை தட்டுகிறார்கள்.

ஏஏ மட்டும் யோக்கியமா என்றால் அதுவும் இல்லை. 1955-ல் வந்த அவர்கள் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு முன்னுரையில், உண்மையாக முயற்சி செய்தவர்களில் பாதிப்பேர் உடனே நிறுத்தினார்கள் என்கிற மாதிரி ஒரு கணக்கு இருக்கும். "உண்மையாக முயற்சி செய்தவர்கள்" யார் என்று எப்படித் தெரியும்? நிறுத்தியவர்கள்தான்! இதே தந்திரம் சபையில் "உனக்கு விசுவாசம் பத்தலை" என்று வரும். மருந்து வேலை செய்யாவிட்டால் மருந்தைக் குறை சொல்வோம். இந்த ரெண்டு இடத்திலும் நோயாளியைத்தான் குறை சொல்வார்கள்.

கணக்கு தப்பாகச் சொன்னால்கூடப் போகட்டும். என் கோபம் அடுத்த விஷயத்தில்.

ஹெராயின், வலி மாத்திரை, ஃபெண்டானில் மாதிரி ஓபியாய்டு அடிமைத்தனத்துக்கு மெத்தடோன், புப்ரெனார்ஃபின் என்று மருந்துகள் இருக்கின்றன. இவை நாள் முழுக்க மெதுவாக வேலை செய்து, நடுக்கத்தையும் ஏக்கத்தையும் அடக்கி, ஆளை வேலைக்குப் போக வைக்கும். ஓடிக்கிட்டு இருக்கற சர்வரை நிறுத்தாமலே பேட்ச் போடுவது மாதிரி. புப்ரெனார்ஃபினுக்கு இன்னொரு குணம், ஓரளவுக்கு மேல் எவ்வளவு போட்டாலும் மூச்சை அடக்கும் விளைவு கூடாது. 2017-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 19 குழுக்களைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு வந்தது. மெத்தடோன் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் ஆயிரம் பேருக்கு வருஷத்துக்கு 11 சாவு. நிறுத்திய காலத்தில் 36. இன்னொரு தரம் படிங்க. பதினொண்ணு, முப்பத்தாறு. புப்ரெனார்ஃபினிலும் நிறுத்தியபோது ரெண்டு மடங்குக்கு மேல்.

இந்த மருந்தைத்தான் "ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை" என்று சொல்லி வாசலிலேயே பிடுங்குகிறார்கள். டீன் சேலஞ்ச் மாதிரியான தங்கும் மையங்கள் பலவற்றிலும் இது விதியாகவே இருக்கிறது. மாத்திரை எடுக்கிறவர் சேர முடியாது, சேர்ந்தால் விட்டுவிட வேண்டும்.

விட்டால் என்ன ஆகும்? இங்கேதான் உடம்பு நடத்தும் கொடுமை. ஓபியாய்டுக்குப் பழகிய உடம்பு பெரிய அளவைத் தாங்கும். சில வாரம் சுத்தமாக இருந்தாலே அந்தத் தாங்கும் சக்தி போய்விடும். மூளையில் ஏக்கம் மட்டும் மிச்சம் இருக்கும். வெளியே வந்து ஒரு நாள் தவறி, பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடும். 2003-ல் லண்டனில் இதை 137 பேரிடம் பார்த்தார்கள். ஒரு வருஷத்தில் ஓவர்டோஸில் இறந்த மூன்று பேருமே, சிகிச்சையை வெற்றிகரமாக முடித்துப் போதையில்லாமல் வெளியே போனவர்கள். பாதியில் விட்டுட்டு ஓடியவர்களில் ஓவர்டோஸ் சாவு இல்லை. சின்ன ஆய்வுதான், ஆனால் யோசிக்கும்போது முதுகுத்தண்டு சில்லிடுகிறது. சான்றிதழ் வாங்கினவன்தான் செத்தான்.

நான் ஒஹையோவில் ஆன்சைட் இருந்த ரெண்டு வருஷத்தில் பக்கத்து சீட் அமெரிக்கர் ஒருத்தர், ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறவர். தம்பி புப்ரெனார்ஃபினில் நன்றாகத்தான் இருந்தான், கிடங்கில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். வேறு மாநிலத்தில் ஒரு மையத்தில் "முழு விடுதலை" என்றார்கள். மாத்திரையை நிறுத்தி ஏழு மாதம் இருந்தான். சபையில் எழுந்து சாட்சி சொன்னான், எல்லாரும் அழுதார்கள். வெளியே வந்து மூன்றாவது வாரம் பாத்ரூமில் கிடந்தான். இறுதிச் சடங்கில் பேசிய போதகர், அவன் விடுதலையோடுதான் போனான் என்றாராம். சக ஊழியர் இதை என்னிடம் சொன்னபோது அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை. அவர் சபையை விடவில்லை, இப்போதும் போகிறார். நானும் விடச் சொல்ல மாட்டேன். அந்த மாத்திரையைப் பிடுங்கியவருக்குப் போதகர் அங்கி இருப்பதால் யாரும் கேள்வி கேட்கவில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

ஏன் கேட்க முடியவில்லை என்பதற்கும் வரலாறு இருக்கு. 1995-ல் டெக்சஸ் அரசின் போதை ஒழிப்பு ஆணையம், சான் அந்தோனியோவில் இருந்த டீன் சேலஞ்ச் மையம் உரிம விதிகளைப் பின்பற்றவில்லை என்று மூடப் பார்த்தது. விசுவாசிகள் அலாமோ கோட்டை முன்னால் கூடிப் போராடினார்கள். ஆளுநர் ஜார்ஜ் புஷ் அவர்கள் பக்கம் சாய்ந்தார். 1997-ல் மத அமைப்புகள் நடத்தும் போதை மீட்பு மையங்களுக்கு மாநில உரிமமே தேவையில்லை என்று சட்டம் வந்தது. 2001-ல் அவர் ஜனாதிபதி ஆனதும் வெள்ளை மாளிகையிலேயே மத அமைப்புகளுக்கு ஒரு அலுவலகம் திறந்தார். 2003-ல் போதை சிகிச்சைக்கு மூன்று வருஷத்தில் 60 கோடி டாலர் வவுச்சர் திட்டம் அறிவித்தார், அந்த வவுச்சரை மத மையங்களிலும் கொடுக்கலாம். (அவரே 1986-ல் நாற்பது வயதில் குடியை விட்டவர், அவர் நம்பிக்கையில் பொய் இல்லை.) என் எளிய கேள்வி: முடி வெட்டுகிறவர்கூட லைசன்ஸ் வாங்க வேண்டிய நாட்டில், உயிர் போகும் நோயைக் கையாளுகிறவருக்கு மட்டும் ஏன் விலக்கு? கடவுள் பெயரைச் சொன்னால் ஃபெண்டானில் வேறு விதமாக வேலை செய்யுமா?

கட்டாயப்படுத்துவது இன்னொரு கூத்து. குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டவர்களை நீதிமன்றமே ஏஏவுக்கு அனுப்பும் வழக்கம் அங்கே உண்டு. 1996-ல் கெர் வழக்கு, 2007-ல் ஒரு பௌத்தர் போட்ட இனூயே வழக்கு என்று வரிசையாக மேல்முறையீட்டு நீதிமன்றங்கள், ஏஏவில் போதுமான அளவு மதம் இருக்கிறது, வேறு வழி தராமல் அரசு அதில் தள்ளக்கூடாது என்று சொல்லிவிட்டன. கலிஃபோர்னியாவில் ஹேசல் என்ற நாத்திகர் கடவுள் சார்ந்த திட்டத்துக்கு ஒத்துக்கொள்ளாததால் மறுபடி சிறைக்கு அனுப்பப்பட்டார். நூறு நாளுக்கு மேல் உள்ளே. 2014-ல் 19 லட்சம் டாலருக்கு மேல் நஷ்டஈடு வாங்கினார். அதே சமயம் 2003-ல் மில்வாக்கியில் ஃபெய்த் ஒர்க்ஸ் என்ற கிறித்தவ மையம் பற்றிய வழக்கில், குற்றவாளி தானாகத் தேர்ந்தெடுத்தால் தப்பில்லை என்று தீர்ப்பு வந்தது. ரெண்டுமே சரிதான். பக்கத்தில் இன்னொரு கதவும் திறந்திருந்தால், சபைக் கதவு வழியாகத் தாராளமாகப் போகட்டும்.

மாத்திரை விஷயத்தில் ஏஏ தலைமை அலுவலகம் தெளிவாகவே இருக்கிறது. எந்த உறுப்பினரும் டாக்டர் வேலை பார்க்கக்கூடாது என்று தனியாகத் துண்டுப் பிரசுரமே போட்டிருக்கிறார்கள். கூட்டத்து மூலையில் உட்கார்ந்திருக்கும் சில பெரிசுகள் அதைப் படிப்பதில்லை என்பது வேறு. நார்காட்டிக்ஸ் அனானிமஸ் குழுக்கள் சிலவற்றில் மெத்தடோன் எடுப்பவர் உட்காரலாம், வாய் திறந்து பகிர முடியாது. இதுவும் எனக்கு ஏற்பில்லை. உயிரோடு வந்திருப்பவனைப் பார்த்து நீ இன்னும் சுத்தமில்லை என்று சொல்வதற்கு நம்ம ஊரில் வேற பேர் இருக்கு.

சபைக்காரர்களிடம் நான் கேட்பது பெரிசா எதுவும் இல்லை. ஜெபம் பண்ணுங்க, பாட்டுப் பாடுங்க, முழங்கால் போடுங்க. ஓபியாய்டு நோயாளி வந்தால் அவன் டாக்டர் கொடுத்த மாத்திரையோடு சேர்த்துக்குங்க. வெளியே அனுப்பும்போது கையில் நலோக்சோன் கொடுத்து, உன் உடம்பு இப்போ பழைய அளவைத் தாங்காது என்று அவன் அம்மாவுக்கும் சேர்த்துச் சொல்லி அனுப்புங்க. பாதியில் போனவனையும் செத்தவனையும் கணக்கில் எழுதுங்க. பவுலின் கூட்டாளி லூக்கா வைத்தியர் என்று உங்கள் வேதத்திலேயே இருக்கு, அவர் வைத்தியத்தை விட்டதாக எங்கேயும் இல்லை. மருந்தோடு வருபவர்களை ஏற்கும் கிறித்தவ மையங்களும் அமெரிக்காவில் இருக்கின்றன, அவர்கள் விசுவாசம் ஒன்றும் கரைந்துவிடவில்லை.

"ஏஏ நிறுவனரே கடவுளால் மட்டும்தானே மீண்டார், அவர் மாத்திரையா தேடினார்?" என்று கேட்கத் தயாராக இருப்பவர்களுக்கு ஒரு தகவல். மெத்தடோன் சிகிச்சையை 1960-களில் நியூயார்க்கில் உருவாக்கியவர்களில் ஒருவர் வின்சென்ட் டோல் என்ற மருத்துவர், இன்னொருவர் மேரி நைஸ்வாண்டர். அந்த டோல் குடிகாரர் இல்லை, ஆனாலும் ஏஏவின் அறங்காவலர் குழுவில் இருந்தார். என்னை எதற்குக் கூப்பிட்டீர்கள் என்று அவருக்கே குழப்பம். பின்னாளில் டோல் எழுதியிருக்கிறார்: பில் வில்சன் ஒரு நாள் அவரைத் தனியாக அழைத்து, கூட்டத்துக்கு வந்தும் தேறாமல் போகிறவர்களைப் பற்றி வருத்தப்பட்டு, ஹெராயினுக்கு மெத்தடோன் மாதிரி குடிக்கும் ஒரு மருந்து கண்டுபிடியுங்களேன் என்று கேட்டாராம்.

பி.கு: குடியை விட்ட பில் வில்சனால் சிகரெட்டை விட முடியாமல் நுரையீரல் கெட்டு 1971-ல் இறந்தார். இதை வைத்து யாராவது "அப்போ பன்னிரண்டு படி தோல்விதானே" என்று பின்னூட்டம் போட்டால் பதில் சொல்ல மாட்டேன் :-)